ஐம்பதாயிரம் ரூபாய் பிளெண்டரும் அரை மூடித் தேங்காய்ச் சட்னியும்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அந்த வெளிநாட்டு பிளெண்டர் வாங்கலாமா?" ஒருவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பழைய மாணவர். இன்னொருத்தி அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகள், ஊருக்கு வரும்போது வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். மூன்றாமவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். மூவருக்கும் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைத் தனித்தனியாகப் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எதைச் சொல்கிறேன் என்பதில் குழப்பம் வேண்டாம். நம் வீட்டு மிக்சியைச் சொல்லவில்லை. ஹை பவர் பிளெண்டர் என்கிறார்களே, கீழே கனமான மோட்டார், மேலே இரண்டு லிட்டர் பிடிக்கிற உயரமான ஒரே ஜார், அதைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வைட்டமிக்ஸ் இதில் பெரிய பெயர். 1921ல் தொடங்கிய குடும்பக் கம்பெனி, ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறது. 1949லேயே தொலைக்காட்சியில் அரைத்துக் காட்டி விற்றவர்கள். நல்ல பொருள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலை மட்டும் பல பத்தாயிரங்கள். கணக்குப் போட வசதியாக ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம்.

நல்ல பொருள் என்பது வேறு, நமக்கு வேண்டிய பொருள் என்பது வேறு. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான்.

நம் வீட்டில் என்ன அரைக்கிறோம்?

ஒரு தாளை எடுத்து ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். காலையில் அரை மூடித் தேங்காயில் சட்னி. மதியம் குழம்புக்கு இரண்டு ஸ்பூன் மசாலா. ரசத்துக்கு மிளகு சீரகம். இஞ்சி பூண்டு விழுது. வாரத்தில் இரண்டு நாள் இட்லி மாவு. எப்போதாவது ஒரு ஜூஸ்.

இதில் சட்னியும் மசாலாவும் சின்ன ஜார் வேலை. அரை மூடித் தேங்காயை இரண்டு லிட்டர் ஜாரில் போட்டால் என்ன ஆகும்? பிளேடு சுற்றும், தேங்காய் சுவரில் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். அந்த ஜாரின் வடிவமே, உள்ளே திரவம் நிறைய இருந்து சுழலாகி, மேலே இருப்பதைக் கீழே இழுத்து பிளேடுக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஸ்மூத்திக்குச் சரி. கெட்டிச் சட்னிக்கு நீங்கள் ஒரு கட்டையை வைத்துக் குத்திக்கொண்டே நிற்க வேண்டும். அந்தக் கட்டையையும் அவர்களே கூடக் கொடுக்கிறார்கள். சின்ன ஜார் தனியாகக் கிடைக்கும், அதற்குத் தனி விலை. உலர்ந்த சாமான் அரைக்கவும் தனி ஜார் விற்கிறார்கள், அதற்கும் தனி விலை. நம் ஊர் மிக்சி மூன்று ஜாரோடு வீட்டுக்கு வருகிறது.

இட்லி மாவுக்கு வருவோம். உளுந்து அரைபடும்போது சூடாகக் கூடாது என்பது நம் வீடுகளில் பத்து வயதுப் பெண்ணுக்கும் தெரியும். மிக்சியில் அரைத்தால் ஐஸ் தண்ணீர் ஊற்றுகிறோமே, எதற்காக? கிரைண்டரில் கல் மெதுவாகச் சுற்றுகிறது, மாவு காற்றை வாங்கிக்கொண்டு பந்தாக எழும்புகிறது. இந்த பிளெண்டர்காரர்கள் எதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் தெரியுமா? காய்கறியைப் போட்டு ஆறேழு நிமிடம் ஓட்டினால் உராய்விலேயே சூப் கொதிக்கக் கொதிக்க வரும் என்கிறார்கள். பொய்யில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4200 ஜூல் வேண்டும். 30 டிகிரியிலிருந்து 90க்குப் போக 60 டிகிரி, அப்படியானால் 2,52,000 ஜூல். ஆயிரம் வாட் முழுவதும் வெப்பமாக மாறினால் 252 விநாடி, நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் சூப்பைச் சுட வைக்கும் இயந்திரத்தில் உளுந்தைப் போடலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மிளகாய்த் தூள், சாம்பார் தூள், அரிசி மாவு? அதற்குத் தெருவுக்குத் தெரு மாவு மில் இருக்கிறது. கிலோ கணக்கில் கொடுத்து, எதிரே நின்று வாங்கி வருகிறோம்.

ஆக, நம் வீட்டில் அரைக்கிற வேலை ஏற்கெனவே நாலாகப் பிரிந்து நடக்கிறது. சின்ன வேலைக்கு மிக்சி. மாவுக்கு கிரைண்டர். மொத்தத் தூளுக்கு மில். நாலு மிளகு தட்ட இடிகல். மேல்நாட்டு வீட்டில் இந்த நாலும் கிடையாது. அங்கே ஒரே இயந்திரம் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கிறது, அதனால் அதற்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள். அவர்கள் செய்வது அவர்கள் வீட்டுக்குச் சரி. நம் வீட்டுக்கு அது ஐந்தாவது இயந்திரம். நாலு பேர் முடித்துவிட்ட வேலைக்கு ஐம்பதாயிரம் சம்பளத்தில் ஐந்தாவது ஆள்.

இந்தக் கேள்விக்கு அறுபது வருஷத்துக்கு முன்பே பதில் வந்துவிட்டது

வெளிநாட்டு இயந்திரம் என்றால் தானாகவே உசத்தி என்று நினைக்கிற பிள்ளைகளுக்காக இந்த வரலாறு.

1960களின் தொடக்கத்தில் பம்பாயில் மாதுரி மாத்தூர் என்ற அம்மையாரிடம் ஒரு ஜெர்மன் பிரௌன் மிக்சி இருந்தது. அது கெட்டுப்போனது. இங்கே பழுது பார்க்க வழியில்லை. நம் சமையலின் காய்ந்த மஞ்சளையும் கொப்பரையையும் நினைத்து அந்த மோட்டார் செய்யப்படவும் இல்லை. அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸ் கம்பெனியில் பொறியாளர். நம் அரைப்புக்குத் தாங்கும் மோட்டாரை நாமே செய்வோம் என்று இறங்கினார். அப்படி வந்ததுதான் சுமீத் மிக்சி. என் வயதுக்காரர்களுக்கு மிக்சி என்றாலே சுமீத்துதான் நினைவுக்கு வரும்.

அதன் பிறகு சென்னையில் 1978ல் ப்ரீத்தி வந்தது. 2011ல் அதை பிலிப்ஸ் விலை கொடுத்து வாங்கியது. உலகக் கம்பெனி ஒன்று நம் ஊர் மிக்சிக் கம்பெனியைத் தேடி வந்து வாங்கியது என்றால், நம் அரைப்பில் தனியாக ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது என்றுதானே பொருள்? கிரைண்டரும் அப்படித்தான். 1955ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்கா போகும் நம் பிள்ளைகள் பெட்டியில் எதை எடுத்துப் போகிறார்கள்? 110 வோல்ட்டில் ஓடும் நம் ஊர் மிக்சி. அதற்கென்றே கம்பெனிகள் தனி மாடல் செய்கின்றன. வைட்டமிக்ஸ் பிறந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு, சட்னிக்கு நம் மிக்சியைத் தேடுகிறார்கள். இங்கே இருக்கும் நாம் அவர்கள் நாட்டு பிளெண்டருக்கு ஏங்குகிறோம்!

வாட் என்கிற மந்திரம்

பெங்களூர் மாணவர் என்னிடம் சொன்னார்: "நம்ம மிக்சி 750 வாட்தான் டீச்சர். அது 3 ஹெச்.பி.!" இவருக்கு நான் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் உரிமையோடு கேட்கிறேன்: விளம்பரத்தைப் பார்த்ததும் வாய்ப்பாடு மறந்துபோகுமா?

ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். 3 ஹெச்.பி. என்றால் 2238 வாட். அமெரிக்க வீட்டில் சாதாரணப் பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1800 வாட். அதற்கு மேல் அந்தப் பிளக் தராது. 1800 வாட் தருகிற பிளக்கில் 2238 வாட் எப்படித் தொடர்ந்து ஓடும்? ஓடாது. அதனால்தான் 'பீக்' என்று ஒரு சின்ன வார்த்தையைப் பக்கத்தில் போடுகிறார்கள். மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தின் உச்சம் அது. ஓட்டப் பந்தயத்தில் முதல் எட்டு வைத்த வேகத்தை வைத்து மாரத்தான் ஓடுவேன் என்று சொல்வது போல.

இதைவிடக் கூத்து, இணையக் கடைகளில் பெயர் தெரியாத பிளெண்டர்களை 4500 வாட் என்று போட்டு விற்கிறார்கள். நம் ஊர் 230 வோல்ட்டில் 4500 வாட் என்றால் கிட்டத்தட்ட 20 ஆம்பியர். உங்கள் சமையலறையில் இருக்கும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான். அந்த இயந்திரம் சொன்னபடி ஓடினால் முதலில் ட்ரிப் ஆவது உங்கள் வீட்டு மெயின்.

உண்மையிலேயே 1500 வாட் எடுக்கும் நல்ல பிளெண்டர் என்றாலும், சின்னப் பிளக் 6 ஆம்பியர், அதாவது 1380 வாட்தான். 16 ஆம்பியர் பிளக் தேவை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சமையலறைக்கு அப்படி ஒன்று இருந்தாலே அதிகம், அதிலும் ஏற்கெனவே ஏதாவது சொருகியிருக்கும். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் இதை இழுக்காது.

வாட் என்பது இயந்திரம் உறிஞ்சுகிற மின்சாரம். அரைத்துக் கொடுக்கும் தரம் அதில் எழுதியிருக்காது. பிளேடின் வடிவம், ஜாரின் அகலம், எவ்வளவு போடுகிறோம், எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறோம் எல்லாம் சேர்ந்துதான் அரைபடுகிறது. நாலு பேர் வீட்டுக்கு 500லிருந்து 750 வாட் தாராளம்.

அண்ணன் மகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே வாங்கி இங்கே கொண்டு வராதே. அது 120 வோல்ட் மோட்டார். இங்கே நேராகச் சொருகினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வோல்ட்டேஜ் பாயும், புகைதான் வரும். வோல்ட்டேஜைக் குறைக்க அம்மிக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். வாரண்டி தாளையும் பிரித்துப் படி. வாங்கிய நாட்டுக்குள் மட்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பார். அத்தைக்கு ஏதாவது வாங்கி வர வேண்டும் என்றால் பத்து நாள் கூடுதலாக லீவு வாங்கி வா.

கெட்டால் யாரிடம் போவீர்கள்?

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். விலையைக் கேட்கிறீர்கள், வாட் கேட்கிறீர்கள், நிறம் கேட்கிறீர்கள். இதை யாரும் கேட்பதில்லை.

மிக்சிக்குள் இருப்பது பெரிய ரகசியமில்லை. மோட்டார், அதில் தேய்ந்துபோகும் இரண்டு கார்பன் பிரஷ், ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர், ஜாருக்கு அடியில் புஷ், மூடிக்கு வாஷர். கப்ளர் ஏன் அடிக்கடி உடைகிறது என்று அலுத்துக்கொள்கிறீர்களே, அது உடைய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். பிளேடு எங்காவது சிக்கிக்கொண்டால், மலிவான கப்ளர் உடைந்து விலையுயர்ந்த மோட்டாரைக் காப்பாற்றுகிறது. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானும் அதே வேலைக்குத்தான். பாரம் தாங்காமல் மிக்சி நின்றால் அந்தப் பொத்தான் வெளியே வந்திருக்கும். கொஞ்சம் ஆற விட்டு அமுக்கினால் மறுபடி ஓடும். மிக்சி போய்விட்டது என்று புதிதாக வாங்கப் போனவர்களை எனக்குத் தெரியும். பொத்தானை அமுக்கியிருந்தால் போதும்.

திருமுல்லைவாயிலிலிருந்து சி.டி.ஹெச். ரோட்டில் எந்தப் பக்கம் போனாலும், அம்பத்தூர் ஓ.டி. பக்கமோ ஆவடி மார்க்கெட் பக்கமோ, மிக்சி ரிப்பேர் கடை கண்ணில் படும். காலையில் கொடுத்தால் சாயங்காலம் வாங்கி வரலாம். கப்ளருக்கும் பிரஷுக்கும் நூறு, இருநூறில் வேலை முடியும். உங்கள் கண் முன்னாலேயே கழற்றி, "பாருங்கம்மா, இதுதான் தேஞ்சிருக்கு" என்று காட்டிவிட்டுத்தான் மாற்றுவார்கள்.

வெளிநாட்டு பிளெண்டருக்கு இந்த வசதி எங்கே இருக்கிறது? பார்சல் கட்டி அனுப்ப வேண்டும், பாகம் வரும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சட்னிக்கு என்ன செய்வீர்கள்? பரணில் இருக்கும் பழைய மிக்சியை இறக்குவீர்கள். அப்படி இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பரணில் எதற்கு ஏற்ற வேண்டும்?

"பத்து வருஷ வாரண்டி டீச்சர்" என்கிறார்கள். சரி, வகுத்துப் பார்ப்போம். ஐம்பதாயிரத்தைப் பத்து வருஷத்துக்கு, அதாவது 3650 நாளுக்கு வகுத்தால் நாளுக்குச் சுமார் 14 ரூபாய். ஐயாயிரம் ரூபாய் மிக்சி ஒன்று வாங்கி, ஐந்தாம் வருஷம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கினால்கூட நாளுக்கு 3 ரூபாய் ஆகாது. ரிப்பேர் செலவைக் கூட்டிக்கொண்டாலும் பக்கத்தில் வராது.

உடம்புக்கு நல்லது என்கிற வாதம்

"பணத்தைப் பார்க்காதீங்க, ஆரோக்கியத்துக்கான முதலீடு" என்று ஒரு வாதம் சுற்றுகிறது. கேரட்டில் இல்லாத சத்தை எந்த பிளேடும் உள்ளே வைக்க முடியாது. பழத்தை வடிகட்டாமல் அரைத்துக் குடித்தால் நார்ச்சத்து போகாது, உண்மை. அதைப் பழைய மிக்சியும் செய்யும். இன்னும் சொல்லப் போனால் உங்கள் பல்லும் செய்யும், அதற்கு கரண்ட்டே வேண்டாம். உட்கார்ந்து ஒரு ஆப்பிள் மென்று தின்பவருக்கு இரண்டாவது ஆப்பிள் இறங்காது. அரைத்துக் குடித்தால் மூன்று ஆப்பிள் ஒரு டம்ளரில் போய்விடும். சர்க்கரை இருக்கும் சொந்தக்காரர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். கேழ்வரகுக் கூழுக்கும் முருங்கைக்கீரைப் பொரியலுக்கும் எந்த பிளெண்டரும் தேவையில்லை.

2011ல் என்ன பேசினீர்கள்?

இப்போது சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை.

2011 செப்டம்பரில், அண்ணா பிறந்தநாளன்று, விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைத்தார். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ நான் இதை எழுதவில்லை. பொருளின் தரத்தைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். நான் சொல்ல வருவது வேறு. அன்று நம் சொந்தத்திலேயே எத்தனை பேர் எப்படியெல்லாம் பேசினார்கள்? "மிக்சி கொடுத்துச் சோம்பேறி ஆக்குறாங்க." "அம்மியில அரைச்சுச் சாப்பிட்டா உடம்புக்கு நல்லது." சொன்னவர்களில் ஒருவர் வீட்டிலும் அம்மி புழக்கத்தில் இல்லை. மிக்சியில் அரைத்த சட்னியைத் தொட்டுக்கொண்டே அடுத்த வீட்டுக்காரிக்கு அம்மியைச் சிபாரிசு செய்தார்கள்.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, அரைத்து, ஆக்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எஸ்டேட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்கு அந்த மிக்சி மிச்சப்படுத்தியது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை நான் வகுப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைக்கும் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கும் வித்தியாசம் முதல் பீரியடிலேயே தெரியும்.

ஏழை வீட்டுக்கு மிக்சி போனால் அது சோம்பேறித்தனம். நம் வீட்டுக்கு ஐம்பதாயிரத்தில் பிளெண்டர் வந்தால் அது ஆரோக்கிய முதலீடு. இந்த நியாயம் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது? பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

சீர் வரிசையில் பிளெண்டர்

லேத் ஓட்டும் என் மாணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் படித்தவர்கள். "நாங்க எதுவும் கேட்கல" என்றுதான் ஆரம்பித்தார்கள். பிறகு ஒரு நாள் போனில், "மிக்சி, கிரைண்டர் எல்லாம் எங்க வீட்டுலயே இருக்கு. அதுக்குப் பதிலா அந்த பிளெண்டர் ஒண்ணு போட்டீங்கன்னா நல்லா இருக்கும்" என்று, மாடல் பெயரோடு சொல்லியிருக்கிறார்கள்.

அவருக்கு அது இரண்டு மாதச் சம்பளம். கடைக்காரர் 24 மாதத் தவணை என்றாராம், மாதம் இரண்டாயிரத்து எண்பத்துச் சொச்சம். "கட்டிடலாம் டீச்சர். பொண்ணு அங்கே போய் ஒரு பேச்சு கேட்கக் கூடாதில்ல" என்றார். நல்ல பொருளா, நிலைத்து உழைக்குமா என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

நான் திருப்பிக் கேட்டேன்: "பெண்ணைக் கேட்டீங்களா?" கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சொன்ன பதில், நான் இவ்வளவு எழுதியதையும்விடத் தெளிவு: "அங்கே கிச்சன் மேடையில அதை வைக்க இடமே இல்லப்பா."

அரைக்கப் போகிறவளுக்கு அது வேண்டாம். அரைக்காதவர்கள் கேட்கிறார்கள். அப்படியானால் அந்தப் பொருளுக்கு அரைப்பது வேலையில்லை. வருகிறவர்கள் பார்க்கும்படி மேடையில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், கேட்பதும் குற்றம். பணமாகக் கேட்டால்தான் வரதட்சணை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜாரும் மோட்டாருமாகக் கேட்டாலும் அதே கணக்குதான். இன்னும் முடிவாகவில்லை. இந்தப் பதிவை அந்த வீட்டாரும் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் என்னிடம் படித்தவர். படிக்கட்டும். படித்துவிட்டு, சம்பந்தி வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "அது வேண்டாங்க" என்று நாலு வார்த்தை சொல்லட்டும். அவருக்கு என்ன மார்க் போடுவது என்று அப்புறம் பார்க்கிறேன்.

மாணவரிடம் நான் சொன்னது: தவணை எதுவும் எடுக்காதீர்கள். நல்லது செய்ய வேண்டும் என்று ஆசை இருந்தால், முடிந்த தொகையை மகள் பெயரில் போஸ்ட் ஆபீஸில் போடுங்கள். பாஸ் புத்தகம் அவள் கையில் இருக்கட்டும். அதற்கு கிச்சன் மேடையில் இடம் வேண்டாம்.

அப்படியானால் யார்தான் வாங்கலாம்?

ஒரேயடியாக யாருமே வாங்கக் கூடாது என்று சொன்னால் அது நியாயமில்லை. நாள் தவறாமல் பச்சைக்கீரை, உறைந்த பழம் எல்லாம் போட்டு ஸ்மூத்தி குடிக்கிறவர், வேர்க்கடலை, பாதாம் வெண்ணெய் வீட்டிலேயே செய்கிறவர், ஜூஸ் கடையோ சின்னக் கேட்டரிங்கோ நடத்துகிறவர், இவர்களுக்கு அந்த இயந்திரம் உழைக்கும். அந்த வழவழப்பு நம் மிக்சியில் அவ்வளவு எளிதாக வராது, ஒப்புக்கொள்கிறேன். விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு எல்லாவற்றையும் அரைத்தே கொடுக்க வேண்டிய வீடுகளும் இருக்கின்றன. அங்கே டாக்டரிடம் எந்தப் பதத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல நேரம் மிக்சியில் அரைத்து வடிகட்டினாலே போதும் என்பார்கள். போதாது என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

சமையலறையில் நிற்கிறவர், தன் கைக்காசில், தன் வேலைக்காக ஆசைப்பட்டு வாங்கினால் அதில் நான் தலையிட மாட்டேன். அவர் உழைப்பு, அவர் பணம், அவர் முடிவு. அவரைக் கேட்காமல் மற்றவர்கள் அவருக்காக முடிவு செய்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

பரீட்சைக்கு வரும் என்று நினைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

1. போன வாரம் நம் வீட்டில் என்னென்ன அரைத்தோம்? அதில் எது இப்போதுள்ள மிக்சியில் சரியாக வரவில்லை?

2. சரியாக வராததற்கு மிக்சி காரணமா, தேய்ந்த பிளேடும் பழைய வாஷரும் காரணமா? ஜாரில் பாதிக்கு மேல் போட்டு, நிறுத்தாமல் ஓட்டுகிறோமா?

3. கெட்டால் எந்தக் கடையில் கொடுப்போம்? கடையின் பெயரைச் சொல்ல முடிகிறதா?

4. இதற்குப் பிளக் இருக்கிறதா? மேடையில் இடம் இருக்கிறதா? தூக்கிக் கழுவி வைக்கப் போவது யார்? அவருக்குத் தோள் வலி இருக்கிறதா?

5. அரைக்கப் போகிறவர் இதைக் கேட்டாரா?

ஐந்துக்கும் பதில் சரியாக வந்தால் வாங்குங்கள், எனக்கும் ஒரு டம்ளர் ஜூஸ் கொடுங்கள். ஒன்றில் இடறினாலும் ஐம்பதாயிரத்தை எடுத்து வையுங்கள். நல்ல மிக்சி ஒன்று, இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று, இரண்டும் சேர்ந்து சுமார் பன்னிரண்டாயிரத்துக்குள் முடியும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டு மிக்சிகளுக்கான இந்தியத் தரநிலையின் எண் ஐ.எஸ். 4250. மீதி முப்பத்தெட்டாயிரத்தை என்ன செய்யலாம் என்று நான் சொல்ல வேண்டுமா? அம்மாவுக்குக் கண் பரிசோதனை நிலுவையில் இருக்கும். பிள்ளையின் அடுத்த டேர்ம் ஃபீஸ் இருக்கும். பாத்திரம் துலக்கக் குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிற மனைவிக்கு, சிங்க்கைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டும் வேலை இருக்கும். முதலில் அதைச் செய்யுங்கள்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எழுதுகிறவர்கள் தங்கள் வீட்டில் சட்னி அரைப்பது யார் என்பதையும் முதல் வரியில் சேர்த்து எழுதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருமுல்லைவாயில்